குர்னாவின் குவிமாடங்கள்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இரண்டாம் ராம்சேஸ் எழுப்பிய ராமேசியம் என்னும் நினைவுக் கோயில் சிதைந்து கிடக்கிறது. பயணிகள் அங்குக் காணச் செல்வது கருங்கல்லில் வடித்த அம்மன்னனின் பேருருவத்தை. அது உடைந்து தரையில் வீழ்ந்து கிடக்கிறது. அதே கோயிலின் பின்புறம், பலரும் திரும்பிப் பாராமல் கடந்து செல்லும் தானியக் களஞ்சியங்கள் சில நிற்கின்றன. அவை சூளையில் சுடாத, வெயிலில் மட்டுமே காய்ந்த மண்கற்களால் ஆன வளைகூரைகள். வயது ஏறத்தாழ 3200 ஆண்டுகள். மன்னனைக் கல்லில் வடித்தார்கள், சாய்ந்தான். பார்லியும் கோதுமையும் போன்ற எளிய பொருளுக்கு மண்ணில் கூரை வேய்ந்தார்கள், நின்றது. மழை அரிதாகிய நிலம் என்பது அதற்கு ஒரு காரணம். கட்டிய முறை மற்றொரு காரணம்.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்குக் கட்டடக் கலையில் முறையான பயிற்சி எதுவும் இல்லை. ஹசன் ஃபாத்தி என்னும் எகிப்தியக் கட்டடக் கலைஞர் எழுதிய நூலை இலக்கியப் பிரதி ஒன்றைப் படிப்பது போலவே முதலில் படித்தேன். 1969இல் கெய்ரோவில் 'குர்னா: இரு கிராமங்களின் கதை' என்ற பெயரில் சில படிகளே அச்சாகி, 1973இல் 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்ற பெயரில் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டு உலகறிந்த நூல் அது. சுடுவெயில் நாட்டில் ஓர் ஏழைக் குடும்பம் தன் காலடி மண்ணைக் கொண்டே நலமாக வாழத்தக்க வீட்டை எழுப்புவது எப்படி என்பது அதன் பொருள். செய்முறைகளும் கணக்குகளும் நிறைந்த அந்நூல் போகப்போக ஒரு துன்பியல் கதையாக மாறிவிடுகிறது. அரிய விடை ஒன்றைக் கண்டடைந்த மனிதர், அவ்விடையை வேண்டாமென்ற மக்களின் முன் நின்ற கதை அது. அக்கதையை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரமில்லாத நாட்டில் கூரை

ஃபாத்தி 1900இல் அலெக்சாந்திரியாவில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தைக்குக் கிராமங்களில் நிலங்கள் இருந்தன. ஆனால் கிராமம் என்றாலே அவருக்கு வெறுப்பு. தாய்க்கோ கிராமத்தின் மீது தீராத ஏக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே வளர்ந்த மகன், தம் குடும்பத்து நிலத்தில் கால்வைத்தது இருபத்தேழு வயதையொட்டித்தான். அங்குக் கண்ட உழவர் குடிசைகளின் நிலை அவரை உலுக்கிவிட்டது. 1926இல் கட்டடக் கலையில் பட்டம் பெற்று, 1930 முதல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் பாடம் நடத்தி வந்த அவர், உழவனுக்கு எதைக் கொண்டு வீடு கட்டித் தரலாம் என்று எண்ணத் தொடங்கினார்.

சுவருக்கு வழி இருந்தது. நைல் நதி கொண்டுவந்து சேர்த்த வண்டல், வைக்கோல், நீர், வெயில் இவை நான்கும் சேர்ந்தால் மண்கல் உருவாகிவிடும். எகிப்திய உழவன் அதை அறியாதவனல்லன். சிக்கல் கூரையில் இருந்தது. எகிப்தில் கட்டுமானத்துக்கு ஏற்ற மரம் விளைவதில்லை; பேரீச்சையின் அடிமரம் நீண்ட உத்திரமாகத் தாங்காது. இறக்குமதி மரமும் இரும்பும் ஏழையின் கைக்கு எட்டாதவை. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் அவை செல்வர்க்கும் கிடைக்கவில்லை. எனவே மண்கல்லாலேயே வளைகூரை அமைக்க முயன்றார் ஃபாத்தி. வளைவு ஒன்றைக் கட்டவேண்டுமானால், அது முற்றுப்பெற்று இறுகும்வரை அடியில் தாங்கி நிற்க மரச்சட்டம் வேண்டும். நம் ஊர்க் கொத்தனார்கள் 'சென்ட்ரிங்' என்று சொல்வது அதைத்தான். மரமில்லாத காரணத்தால் வளைகூரையை நாடினால், வளைகூரையே மரம் கேட்டது. மரச்சட்டமின்றிக் கட்டிப் பார்த்தார், இடிந்து விழுந்தது.

அஸ்வான் அணைப் பணியில் இருந்த அவருடைய சகோதரர் அப்போது ஒரு செய்தி சொன்னார். தெற்கே நூபியர் வாழும் பகுதிகளில் வீடுகளுக்கும் மசூதிகளுக்கும் எவ்விதத் தாங்குசட்டமும் இன்றியே வளைகூரை போடுகிறார்கள் என்பதுதான் அது. 1941இல் ஃபாத்தி மாணவர்களை அழைத்துக்கொண்டு அஸ்வான் சென்றார். ஆற்றின் மேற்குக் கரையிலிருந்த கர்ப் அஸ்வான் என்னும் சிற்றூரில் அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்நாளின் போக்கையே மாற்றியது. வெள்ளையடித்த, நேர்த்தியான, உயர்ந்த வீடுகள். ஒவ்வொன்றின் மேலும் மண்கல் வளைகூரை. ராமேசியக் களஞ்சியங்களைக் கட்டியவர்களின் கைத்திறன் அங்கே இன்னும் மறையாமல் இருந்தது.

அந்த முறையின் நுட்பம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அறையின் ஒரு கடைசிச் சுவரை மட்டும் மற்றவற்றைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள். கொத்தனார் அதன்மீது ஈரமண்ணைப் பூசி, கருவி எதுவுமின்றிக் கண்ணளவாகவே ஒரு வளைவை அமைக்கிறார். கூரைக்கான கற்கள் தனியே வார்க்கப்படுபவை. வைக்கோல் கூடுதலாகச் சேர்த்தவை. எனவே எடை குறைந்தவை. ஒவ்வொரு கல்லின் முகத்திலும் ஈரமாக இருக்கும்போதே விரலால் கோடுகள் இழுத்து விடுகிறார்கள். சேற்றுச் சாந்தில் வைத்து அழுத்தியதும் கல் ஒட்டிக்கொள்ள அக்கோடுகள் உதவுகின்றன. முதல் வளையத்துக் கற்கள் நேராக நிற்பதில்லை. கடைசிச் சுவரின் மேல் சாய்ந்து நிற்கின்றன. அடுத்த வளையம் முதல் வளையத்தின் மேல் சாய்கிறது. இப்படி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து செல்வதால் எந்தக் கல்லும் அந்தரத்தில் தொங்குவதில்லை. கீழிருந்து தாங்க எதுவும் தேவைப்படுவதுமில்லை. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட அறைக்கு இருவர் ஒன்றரை நாளில் கூரை அமைத்துவிட்டதை ஃபாத்தி வியப்புடன் குறிப்பிடுகிறார். கல்லூரி கற்றுத்தராத பாடத்தைக் கையில் வாய்ச்சி பிடித்த இரு கொத்தனார்கள் கற்றுத்தந்தார்கள்.

வீடு குளிரும் விதம்

பாலையின் வெப்பம் கடற்கரை வெப்பத்தைப் போன்றதன்று. பகலில் கொளுத்தும், இரவில் விரைந்து தணியும். காற்றில் ஈரமில்லாததால் நிலம் உண்ட வெப்பம் இரவில் தங்குதடையின்றி வானை நோக்கி வெளியேறிவிடுகிறது. எனவே அங்கு வீடு செய்யவேண்டிய வேலைகள் இரண்டு: பகலின் வெப்பத்தை உள்ளே வரவிடாமல் நிறுத்தி வைப்பது, இரவின் குளிர்ச்சியைச் சேமித்து மறுநாளுக்குத் தருவது. ஃபாத்தி ஆராய்ந்து தொகுத்த பழைய அரபு நாட்டு உத்திகள் எல்லாமே இவ்விரண்டில் ஒன்றைச் செய்பவை எனலாம்.

முதலாவது சுவர். தடித்த மண்சுவர் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி, மெல்லக் கடத்துகிறது. நண்பகல் வெப்பம் சுவரைக் கடந்து உள்ளே வந்து சேரும்போது வெளியே இரவு குளிர்ந்துவிட்டிருக்கும். இரண்டாவது முற்றம். சுற்றிலும் அறைகள் சூழ்ந்து, வானம் நோக்கித் திறந்த முற்றத்தில் இரவின் குளிர்காற்று கிணற்றில் நீர் நிறைவதுபோல் இறங்கி நிறைகிறது. பக்கத்து அறைகளுக்கும் பரவுகிறது. சுவர்களின் நிழல் முற்றத்தைக் காப்பதால் காலை வெயில் ஏறிய பின்னும் அக்குளிர்ச்சி நெடுநேரம் தங்குகிறது. தெருவை நோக்கி முகம் காட்டாமல் உள்நோக்கித் திறக்கும் வீடு புழுதிக் காற்றிலிருந்தும் தப்புகிறது. குடும்பத்தின் தனிமையையும் காக்கிறது.

மூன்றாவது, 'மல்கஃப்' எனப்படும் காற்றுக்கூண்டு. கூரைக்கு மேலே உயர்ந்து, காற்று வீசும் திசை நோக்கி வாய் திறந்திருக்கும் புகைபோக்கி போன்ற அமைப்பு இது. தரைமட்டத்தில் காற்று சூடாகவும் புழுதியாகவும் இருக்கும். உயரத்தில் வேகமும் தூய்மையும் மிகுதி. அந்தக் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குவதுதான் மல்கஃபின் வேலை. ஏறத்தாழ கி.மு. 1300ஐச் சேர்ந்த தீப்ஸ் கல்லறை ஓவியம் ஒன்றிலேயே இத்தகைய அமைப்புடைய வீட்டைக் காணமுடிகிறது. குர்னாவில் தாம் கட்டிய பள்ளியில் ஃபாத்தி இக்கூண்டினுள் நனைத்த மரக்கரி நிரப்பிய சாய்வான தட்டுகளை வைத்தார். கரியைத் தடவி வரும் காற்று ஈரம் பெற்றுக் குளிர்ந்தது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை தணிந்தது என்று பதிவு செய்துள்ளார். நான்காவது மஷ்ரபியா. கடைந்த மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த சல்லடைச் சாளரம் அது. கண்கூசும் ஒளியை மென்மையாக்கும்; காற்றை விடும்; உள்ளிருப்போர் வெளியே காணலாம், வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது. அதனருகே நீர் கசியும் மண்பானைகளை வைக்கும் வழக்கமும் உண்டு. குடிநீரும் குளிரும், காற்றும் குளிரும்.

குவிமாடமும் வளைகூரையும்கூட வெறும் அழகுக்காக அல்ல. தட்டைக்கூரை நண்பகலில் முழுவதுமாக வெயிலில் காயும். வளைந்த கூரையிலோ வெயில் பரந்த பரப்பில் சாய்ந்து விழுகிறது. காலையிலும் மாலையிலும் ஒருபுறம் நிழலாகிறது. அறையின் சூடான காற்றும் ஆள் தலைக்கு மேலே உயர்ந்து நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் பழமையைப் போற்றும் ஒருவரின் மயக்கமோ என்ற ஐயம் எழலாம். 1964 மார்ச்சில் கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் வெவ்வேறு பொருள்களால் சிறு மாதிரி வீடுகள் எழுப்பி அளந்து பார்த்தார்கள். ஒன்று 50 சென்டிமீட்டர் தடிமனான மண்கல் சுவரும் வளைகூரையும் கொண்டது. மற்றொன்று 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆனது. மண்வீட்டின் உள்வெப்பம் இரவும் பகலும் 21 முதல் 23 டிகிரிக்குள்ளேயே நின்றது. கான்கிரீட் வீட்டின் உள்ளே 36 டிகிரியைத் தொட்டது. அது வெளிக்காற்றைவிடவும் 9 டிகிரி கூடுதல். வெயிலுக்கு ஒதுங்க வீடு கட்டிக்கொண்டவன் வீட்டுக்கு வெளியே போய் நின்றால்தான் குளிர்ச்சி என்ற நிலை!

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இது எல்லா ஊருக்குமான மருந்தன்று. காற்றில் ஈரம் மிகுந்து இரவிலும் வெப்பம் தணியாத ஊர்களில், சேமித்து வைக்க இரவுக் குளிர்ச்சியே இராது. அங்குத் தடித்த சுவரால் பெரும்பயன் இல்லை. நிலத்துக்கு ஏற்ற வீடு என்பதே ஃபாத்தியின் கொள்கை. எந்நிலத்துக்கும் ஒரே வீடு என்பதன்று.

கல்லறைகளின் மேல் ஓர் ஊர்

1945இல் ஃபாத்தியின் வாழ்வில் பெரும் வாய்ப்பு ஒன்று வந்தது. ராமேசியத்தின் அருகே, பண்டைய எகிப்தியப் பெருமக்களின் கல்லறைகள் நிறைந்த குன்றின்மீது குர்னா என்னும் ஊர் இருந்தது. ஐந்து சிறு குடியிருப்புகளில் சுமார் 7000 பேர். வீட்டின் பின்னறையே கல்லறைக்குள் இட்டுச் செல்லும். தொல்பொருள் அகழ்வோரிடம் கூலி வேலை, பயணிகளுக்கு வழிகாட்டல், பழம்பொருள்களையும் போலிப் பழம்பொருள்களையும் விற்றல், வேளை வாய்த்தால் கல்லறைத் திருட்டு என்பதாக அவர்கள் பிழைப்பு நடந்தது. ஒரு கல்லறையின் புகழ்பெற்ற பாறைச் சிற்பம் ஒன்று முழுமையாகவே வெட்டியெடுத்துக் களவாடப்பட்டபோது நாடே கொந்தளித்தது. குர்னா மக்களைக் குன்றிலிருந்து இறக்கிச் சமவெளியில் புதிய ஊர் ஒன்றில் குடியமர்த்துவதெனத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. குறைந்த செலவில் ஊர் கட்டித்தர வல்லவர் என்று ஃபாத்தியை அழைத்தது.

அவர் தம் உள்ளத்தையெல்லாம் அவ்வூரில் கொட்டினார். ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக அடுக்க மறுத்தார். 'பதனா' எனப்படும் உறவுக் குழுவுக்கு ஒன்றாகப் பொதுமுற்றம் வைத்து, அதைச் சுற்றி அக்குழுவின் வீடுகளை அமைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் தனி முற்றம். குவிமாடம் மூடிய சதுர அறை. அதன் பக்கங்களில் வளைகூரை போட்ட படுக்கை மாடங்கள். பாலையில் தேள் பெரும் அச்சம் என்பதால் படுக்கைமேடைக்குத் தேள் ஏறாதபடி தனி அமைப்பு. கால்நடைக்கும் தீவனத்துக்கும் இடம். பாலையின் குளிர்கால இரவுக்கென ஆஸ்திரிய நாட்டு ஓட்டடுப்பின் வடிவத்தை மண்ணில் செய்விக்க எண்ணி, மண்ணடுப்பு வனைவதில் தேர்ந்த மூதாட்டி ஒருவரைக் கொண்டு அதைச் செய்வித்தார். ஊருக்கு மசூதி, சந்தை, பள்ளிகள், கைத்தொழில் கூடம், நாடக அரங்கு என எல்லாம் வரைபடத்தில் இடம்பெற்றன. அஸ்வானிலிருந்து நூபியக் கொத்தனார்கள் வந்து உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் கற்பித்தார்கள்.

மூன்று பருவங்கள் வேலை நடந்தது. வைக்கோல் வந்து சேராமை, கூலி வழங்கலில் தாமதம், கோப்புகளின் ஆமை நடை, துறை விட்டுத் துறை மாறிய பொறுப்பு என அலுவலகத் துன்பங்களை ஃபாத்தி பக்கம் பக்கமாக எழுதியுள்ளார். 1948 அளவில் பணி நின்றபோது திட்டமிட்டதில் சிறுபகுதியே எழும்பியிருந்தது. ஆனால் அதைவிடக் கொடியது ஒன்று நிகழ்ந்தது. வெள்ளக்காலம் ஒன்றில் யாரோ கரையை வெட்டிவிட, நீர் புதிய ஊருக்குள் புகுந்தது. வெட்டியவர்கள் குர்னா மக்களே என்பது ஃபாத்தியின் முடிவு. தங்களுக்கெனக் கட்டப்படும் வீடுகளைத் தாங்களே மூழ்கடிக்க முயன்றார்கள்!

யார் கேட்ட வீடு?

நூலைப் படிக்கும்போது நம் மனம் இயல்பாகவே ஃபாத்தியின் பக்கம் சாய்கிறது. நன்றி கெட்ட மக்கள், ஊழல் மலிந்த அலுவலர்கள், நடுவே தன்னலமற்ற கலைஞர் என்று கதை எளிதாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு மற்றொரு பக்கம் புலப்பட்டது.

குர்னா மக்கள் வீடு கேட்கவில்லை. அவர்களுக்கு வீடு இருந்தது. அதனோடு பிழைப்பும் இருந்தது. சமவெளியில் இருந்த நிலம் அத்தனை பேருக்கும் சோறுபோடப் போதாது. குன்றை விட்டு இறங்குவது வருவாயை விட்டு இறங்குவது. எவ்வளவு குளிர்ச்சியான வீடாக இருந்தாலும் அது வெளியேற்றத்துக்கான கைம்மாறு, வேண்டிப்பெற்ற வீடன்று. குவிமாடம் அவர்களுக்கு இறந்தோரின் அடையாளம். மேல் எகிப்தில் மகான்களின் அடக்கத்தலங்கள்மீதுதான் குவிமாடம் அமைப்பது வழக்கம். உயிரோடிருப்போர் அதன்கீழ் உறங்குவதை அவர்கள் விரும்பவில்லை என்று பின்வந்தோர் எழுதியுள்ளனர். நூபியருக்குச் சொந்தவீட்டு வடிவமாக இருந்தது, லக்சர் மக்களுக்கு அயலூர் வடிவமாகவே இருந்தது. நாட்டின் மரபு என்று நகரத்துக் கலைஞர் கருதியதும் ஊரின் மரபும் ஒன்றாக இல்லை.

தண்ணீர்ச் செய்தி இன்னும் நுட்பமானது. வீட்டுக்கு வீடு குழாய் வைப்பதா, பொதுக்கிணறு அமைப்பதா என்று ஃபாத்தி நெடிது சிந்திக்கிறார். குடமெடுத்துச் செல்லும் நேரமே பெண்கள் வீட்டை விட்டு வெளிவரும் நேரம். தோழியரோடு பேசும் நேரம். மணம்பேசுவோர் கண்ணில் படும் நேரம். குழாய் வந்தால் அவர்கள் வீட்டினுள் முடங்கிப் போவார்களே என்று அவர் கவலைப்படுகிறார். அக்கவலையில் உண்மையான அன்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நாள்தோறும் நிறைகுடம் சுமக்கும் கழுத்தின் வலியை அறிந்தவள் என்ன சொல்லியிருப்பாள்? அந்தக் குரல் நூலில் ஒலிக்கவில்லை. ஃபாத்தியே தம் நூலில், நல்ல வீடு என்பது கட்டடக் கலைஞர், வீட்டுக்குரியவர், கைவினைஞர் ஆகிய மூவரும் கூடிச் செய்வது என்கிறார். குர்னாவில் கலைஞர் இருந்தார், கைவினைஞரும் இருந்தனர், வீட்டுக்குரியவர் வரவில்லை. அதை அவர் அறிந்தே இருந்தார் என்பதுதான் அந்நூலின் துயரம்.

மற்றொரு முயற்சியும் இதையே சொல்கிறது. 1960களின் நடுப்பகுதியில் மேற்குப் பாலையின் கார்கா சோலையில், புதிதாகக் கண்டறிந்த நிலத்தடி நீரை நம்பிப் புதிய பாரிஸ் என்ற ஊரை ஃபாத்தி வடிவமைத்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேளாண்மை செய்ய வரும் என்பது திட்டம். கோடையில் வெப்பம் 48 டிகிரி வரை ஏறும் அவ்விடத்தில், காய்கறிகள் கெடாமல் காக்கும் சந்தைக் கட்டடத்தை நிலத்தடி அறைகளோடும் காற்றுக்கூண்டுகளோடும் கட்டினார். உள்ளே வெப்பம் வெளியைவிட 15 டிகிரி வரை குறைந்தது. 1967 ஜூனில் போர் மூண்டது, பணி நின்றது, குடும்பங்கள் வரவே இல்லை. பாலையின் நடுவே ஆளில்லா வளைகூரைகள் நின்றன.

இதற்கிடையில், அக்கலையைப் போற்றி வைத்திருந்த நூபியர்களின் கதி என்னவாயிற்று? அஸ்வான் பேரணைக்காக 1963, 1964 ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 எகிப்திய நூபியர்கள் இடம்பெயர்க்கப்பட்டு, கோம் ஓம்போ அருகே அரசு கட்டிய வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்டனர். தேக்கத்தின் பரப்பில் இருந்த அவர்களுடைய பழைய ஊர்கள் நீருக்குள் மறைந்தன. தாமே கட்டி, தாமே பூசி, தாமே வண்ணந்தீட்டிய வீடுகளுக்கு ஈடாகக் கான்கிரீட் கூரை வீடுகள் கிடைத்தன. அவ்வீடுகளுக்கும் அவர்கள் நாளடைவில் திண்ணை சேர்த்தார்கள், வாயிலை மாற்றினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள். பிறர் தந்த வீட்டைத் தம் வீடாக்கிக்கொள்ள மனிதர் படும் பாடு அது. குளிர்ச்சியான மண்வீட்டைத் தந்தாலும், வெப்பமான கான்கிரீட் வீட்டைத் தந்தாலும், வேர் பிடுங்கி நடும் செயலின் வலி ஒன்றுதான் போலும்.

பேரணை 1970இல் நிறைவுற்றபின் அதன் விளைவு குர்னாவையும் தொட்டது. நைலின் ஆண்டு வெள்ளம் நின்று, ஆண்டு முழுவதும் பாசனம் நடந்ததில் நிலத்தடி நீர் உயர்ந்தது. உப்பு கலந்த ஈரம் அடித்தளத்தின் வழியே மண்சுவர்களில் ஏறி அரித்தது. பின்னாளில் அவ்வீடுகளில் வாழ வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக இடித்துவிட்டுச் செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு மாடிவீடு கட்டிக்கொண்டன. பிள்ளைகள் பெருகினால் மேலே ஒரு தளம் போட வேண்டும். குவிமாடத்தின் மேல் தளம் போட இயலாது. இதுவும் ஒரு குடும்பத்தின் நியாயமான தேவைதான். குன்றின் மேலிருந்த பழைய குர்னாவோ 2006இல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலும் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்தோர் வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டனர். ஃபாத்தியின் ஊரில் எஞ்சியவற்றுள் மசூதியும் நாடக அரங்கும் கைத்தொழில் விடுதியும் யுனெஸ்கோவின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டுள்ளன.

கேட்டுக் கட்டிக்கொண்ட வீடுகள்

ஃபாத்திக்கு 1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது கிடைத்தது. 1981இல், எண்பது வயது கடந்த நிலையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலையில் ஒரு மசூதி கட்ட நூபியக் கொத்தனார்களோடு சென்றார். 1989இல் கெய்ரோவில் மறைந்தார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டடக் கழகம், நூபியமுறையை ஆராய்ந்து வளர்த்து, நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே வளைகூரைப் பயிற்சி அளித்து வருகிறது.

ஆனால் ஃபாத்தியின் கனவு உண்மையில் தழைத்தது வேறோர் இடத்தில் என்பேன். சகாராவின் தென்விளிம்பாகிய சஹேல் பகுதியிலும் அதே பழைய சிக்கல்தான்: காடு அழிந்துவிட்டது, கூரைக்கு மரமில்லை. மக்கள் தகரக் கூரைக்கு மாறினார்கள். தகரமோ பகலில் அடுப்பு, இரவில் குளிர்பெட்டி. பிரெஞ்சுக் கொத்தனார் தோமா கிரானியேவும் புர்கினா ஃபாசோ நாட்டு உழவர் செரி யூலூவும் சேர்ந்து 2000இல் நூபிய வளைகூரைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் யாருக்கும் இலவசமாக ஊர் கட்டித் தரவில்லை. யாரையும் இடம்பெயர்க்கவும் இல்லை. உழவு ஓய்ந்த பருவத்தில் இளைஞர்களைக் கொத்தனார்களாகப் பயிற்றினார்கள். விரும்பும் குடும்பம் கொத்தனாரை அமர்த்திக்கொள்ளும், மண்கல் வார்ப்பதும் நீர் சுமப்பதும் குடும்பத்தின் பங்கு, கூரைத்தொழிலுக்குக் கூலி. மழைக்குப்பின் பூச்சைப் புதுப்பிப்பதும் அவர்களுடைய கையிலேயே இருக்கிறது. ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீட்டார் கேட்கிறார்கள். வேண்டியோர் தட்டையான மேல்தளமும் போட்டுக்கொள்ளும்படி வடிவத்தை மாற்றியமைத்தார்கள். குவிமாடம் வேண்டாமென்றவர்மீது குவிமாடம் சுமத்தப்படவில்லை. இவ்வாறு ஊர் ஊராக ஆயிரக்கணக்கான வளைகூரைகள் எழுந்துள்ளன.

பாலையில் குளிர்ந்த வீடு கட்டுவது எப்படி என்ற வினாவுக்கு விடை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. தடித்த மண்சுவர், உள்முற்றம், உயரத்துக் காற்று, வளைந்த கூரை. அதை மறந்துபோன உலகுக்கு மீட்டுத்தந்தவர் ஃபாத்தி. அந்தக் கடன் தீராதது. ஆனால் அவ்வீடு நீடிக்குமா என்ற வினாவுக்கான விடை சுவரின் தடிமனில் இல்லை. அதில் வாழப்போகும் குடும்பம் அதைக் கேட்டதா, அதன் பிழைப்புக்கு அருகே அது இருக்கிறதா, சுவர் பெயர்ந்தால் தன் கையால் பூசிக்கொள்ள அதனால் முடியுமா, பிள்ளை பெருகினால் மாற்றிக்கொள்ள இயலுமா என்பவற்றில் இருக்கிறது. நிலைத்த வளர்ச்சி என்று இன்று அறிஞர்கள் அரங்குகளில் பேசும்போதெல்லாம் எனக்குக் குர்னாவின் வெட்டுண்ட கரை நினைவுக்கு வருகிறது. வெள்ளத்தைத் திறந்துவிட்ட அம்மனிதர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஃபாத்தியின் அழகிய கிராமத்தைப் பற்றி அவர்கள் எழுதிய ஒரே மதிப்புரை அதுதான். அதையும் நாம் படித்துப் பார்க்கவேண்டும்.